கரட்டுக்கு மேலே போன குண்டு

சுட்ட குண்டு எங்கே பட்டது என்பதை அவர் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஓர் அட்டை. அதன் நடு வட்டத்துக்குப் பத்து. வெளியே தள்ளத் தள்ள எண் குறையும். நாங்களெல்லாம் சுட்ட கையோடு பக்கத்தில் நிறுத்தியிருக்கும் தொலைநோக்கியில் கண்ணை வைப்போம். நன்றாக இருந்தால் சிரிப்போம், கெட்டுப்போயிருந்தால் காற்றைத் திட்டுவோம். அவர் மட்டும் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்காமலே, "வலது பக்கம், எட்டு. அவசரப்பட்டுட்டேன்" என்பார். பிறகுதான் பார்ப்பார். எட்டுதான் இருக்கும். வலது பக்கம்தான் இருக்கும்.

"பாத்துட்டுச் சொன்னா அது அட்டை சொல்றது, டீச்சர். பாக்குறதுக்கு முந்தி நாம சொல்லணும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் மண்டியம்மா. எனக்கு அக்கா. பேகம்பூர்ப் பக்கம் அவர்களுக்குத் தோல் மண்டி இருந்தது. ஆட்டுத்தோலை உப்புத் தடவி அடுக்கி, ஆம்பூர், வாணியம்பாடி என்று அனுப்புகிற வியாபாரம். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் உப்பு வாடை போகாது என்பார். கணவர் எங்கள் கிளப்பில் உறுப்பினர். மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, அலமாரியில் கிடந்த அவருடைய கேன்வாஸ் கோட்டையும் விரிப்பையும் எடுத்துப்போக அக்கா வந்தார். வந்தவர் போகவில்லை. "ஞாயித்துக்கிழமையானா இங்க வந்து என்னதான் செஞ்சாருன்னு பாக்கணும்" என்று சொல்லி, புர்காவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தலைத்துணியோடு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கணவர் விரிப்பிலேயே குப்புறப் படுத்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கோட்டின் கை நீளம். மடித்து மடித்து விட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறும் வந்தார்.

நான் காந்திகிராமம் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்த ஆசை, நாற்பது வயதில் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. ஆண்களே நிறைந்த கிளப்பில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் படுத்தோம். என் ஸ்கூட்டரில்தான் அவர் வருவார், போவார்.

உண்மையைச் சொல்கிறவர் என்று அவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் அது பாராட்டு மாதிரி ஆகிவிடும். கூட இருந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். ஒரு மழைக்காலத்தில் மண்டியிலிருந்து போன லாரித் தோலில் பாதிக்கு உப்புப் பற்றாமல் போயிருந்தது. வாங்கினவர் கவனிக்கவில்லை. இவரே போன் போட்டு, "கீழ் அடுக்கப் பிரிச்சுப் பாருங்க, கெட்டுப் போயிருக்கும்" என்று சொன்னார். ஆம்பூரில் இருந்த மகன், "அம்மா வாயத் தொறந்தா எங்களுக்கு நஷ்டம்" என்று என்னிடமே அலுத்துக்கொண்டான். இன்னொரு சமயம், கீரனூரிலிருந்து ஒரு தகப்பனார் கல்லூரியில் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் சில மாதம் சுட்டாள். ஒரு நாள் தகப்பனார் அக்காவிடம், "ஏனுங்கம்மா, நம்ம புள்ள ஸ்டேட் லெவலுக்குப் போயிருமுங்களா?" என்று கேட்டார். பெண் பக்கத்தில்தான் நின்றாள்.

"போகாதுங்க" என்றார் அக்கா. "கை நல்லா இருக்கு. ஆனா விசை அழுத்துறப்ப பயந்து கண்ண மூடுது. அந்தப் பயம் போறதா தெரியல."

அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவே இல்லை. திரும்பி வரும் வழியில், "கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்க்கா" என்றேன்.

"பதமாச் சொன்னா இன்னும் ரெண்டு வருசம் வந்திருப்பா" என்றார். அன்று எனக்கு அவர்மேல் கோபம்தான். ஸ்கூட்டரை வேகமாக ஓட்டினேன்.

அந்தத் துப்பாக்கிப் பேச்சு வந்தது அதற்கு அடுத்த வருடம். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் பழைய போட்டித் துப்பாக்கி ஒன்று சும்மா கிடக்கிறது, அந்த மாதிரி நம் பக்கத்தில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம் என்று மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அக்கா துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், கம்பளி போர்த்தியிருந்தவர், உள்ளறையிலிருந்து பச்சைப் பிளானல் துணியில் சுற்றி எடுத்து வந்தார். இங்கிலாந்தில் செய்தது. நூறு வயது இருக்கும். அக்ரூட் மரக் கட்டை கருத்துப் போயிருந்தது. நாங்கள் கிளப்பில் சுடும் துப்பாக்கி போல் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளும் வகை அல்ல. அடியில் விரல் நுழையும் வளையம் மாதிரி ஒரு லீவர். அதைக் கீழே இழுத்தால் அறை திறக்கும். ஒரே ஒரு சின்னத் தோட்டா போடலாம். அடி விளிம்பில் ஊசி அடித்தால் வெடிக்கிற பாயின்ட் டூ டூ தோட்டா. லீவரை மேலே தள்ளி மூடினால் சுடத் தயார்.

அக்கா அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்த்தார். லீவரைத் திறந்து மூடிப் பார்த்தார். அது மூடும்போது ஒரு மெத்தென்ற சத்தம் வந்தது, நல்ல பீரோக் கதவு மூடுகிற மாதிரி.

"சுட்டுப் பாக்கலாமாங்க?"

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சரி என்றார். பங்களாவுக்குப் பின்னால் செதுக்கி விட்ட மண்சரிவு ஒன்றில் அட்டையைச் சாய்த்து வைத்தோம். ஈரப்புல்லில் படுத்து ஐந்து தோட்டா போட்டார். ஒவ்வொன்றுக்கும் "இடது, கொஞ்சம் கீழ" என்றே சொன்னார். பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு நடந்து போய் அட்டையை எடுத்து வந்தார். இடது பக்கம், கொஞ்சம் கீழே, ஐந்தும் சேர்ந்து ஒரே ஓட்டை.

"கட்டையில எங்க தாத்தா பேரோட முதல் எழுத்து ரெண்டு வெட்டியிருக்கு" என்றார் அவர். "அத மட்டும் அழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, குடுத்துர்றேன்."

"அழிக்கத் தோணாதுங்க. ஆனா சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். நாளைக்கு என்ன செய்வேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் அவரையே பார்த்தார். "சத்தியம் பண்ணுன ரெண்டு பேருக்கு நான் குடுக்கல" என்றார். "நீங்க எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வர முடியவில்லை. லைசென்ஸ், கலெக்டர் ஆபீஸ், கடை மூலமாக மாற்றுவது என்று ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. அந்த வருடத்தில் அக்கா வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை. கைக்கு வந்த அன்று என்னைக் கூப்பிட்டு மண்டியிலேயே பிரித்துக் காட்டினார். உப்பு வாடைக்கு நடுவில் அந்த இரும்பு மின்னியது. அது ஒன்றுதான் அவர் முகத்தில் நான் பார்த்த முழுச் சிரிப்பு.

அந்தத் துப்பாக்கிக்கு ஒரு குறை இருந்தது. விசை கடினம். அழுத்தும்போது குழல் லேசாக அசைந்துவிடும். மதுரையில் துப்பாக்கி பழுது பார்க்கிற பாய் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பிரித்து, உள்ளே இருக்கும் கொக்கியைத் தேய்த்துக் கொடுத்தார். அக்கா அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் செத்த இளக்குங்க பாய்" என்றார். இன்னொரு தடவை தேய்த்தார். "இன்னும்."

"இதுக்கு மேல வேணாம்மா. லீவர மூடுற அதிர்ச்சியிலயே விழுந்துரும். பழைய சாமான்."

"நான் பாத்துக்கிறேன். இளக்குங்க."

பாய் என்னைப் பார்த்தார். இளக்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அக்கா சுட்டதுதான் சுடுதல். மாவட்டத்தில் யாரும் பக்கத்தில் வரமுடியவில்லை. அவர் வாயிலிருந்து "பத்து, பத்து, பத்து" என்றே வந்துகொண்டிருந்தது. சில மாதம் அப்படிப் போனது.

நாங்கள் சுடும் ரேஞ்ச் ஒரு கரட்டடியில் இருந்தது. மொட்டைப் பாறைக் குன்று. அட்டைக்குப் பின்னால் மண்மேடு, மண்மேட்டுக்குப் பின்னால் கரடு, அதற்கு அந்தப் பக்கம் வேலிக்கருவைக் காடு. சுடும்போது சிவப்புக் கொடி ஏற்றுவோம். இத்தனையையும் தாண்டிக் குண்டு எங்கே போகும் என்று எல்லோருக்கும் ஒரு தைரியம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறு பேர் வரிசையாகப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தோம். அக்கா தோட்டாவைப் போட்டு லீவரை மூடினார். மூடும்போது குழல் சற்று மேல்நோக்கி இருந்தது. விசையைத் தொடுவதற்கு முன்பே வெடித்தது. மற்ற சத்தங்களோடு அதுவும் ஒரு சத்தம், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அக்கா சொன்னதுதான் கேட்டது.

"மேல போச்சு. கரட்டுக்கு மேல. எல்லாரும் நிறுத்துங்க."

"பாறைதான மண்டியம்மா, என்ன ஆகப்போகுது" என்று கடைசியில் படுத்திருந்தவர் சிரித்தார். அக்கா துப்பாக்கியைத் திறந்து காலியாக வைத்துவிட்டு எழுந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கரட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். போகும் வழியெல்லாம், ஒன்றும் இருக்காதுக்கா, ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் நடையைக் கூட்டினார்.

அந்தப் பக்கம் ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. மேயவில்லை. வேலிக்கருவை நிழலில் ஒருவர் ஒருக்களித்துக் கிடந்தார். அறுபது வயது இருக்கும். கண் திறந்திருந்தது.

"என்னமோ கடிச்சிருச்சு தாயி" என்றார். "முதுகுல. பாம்பான்னு பாருங்க. காலு எங்க கெடக்குன்னே தெரியல."

இடுப்புக்கு மேலே சட்டையில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் ரத்தம். நான் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அக்கா அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "பாம்பு இல்லய்யா" என்றார். "என் துப்பாக்கிக் குண்டு. தவறி வந்திருச்சு. ஆம்புலன்ஸ் வருது, அசையாம இருங்க."

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

போலீஸ் வருவதற்குள் கிளப்பில் ஆளாளுக்குக் கூடிப் பேசினார்கள். ஆறு பேரும் ஒரே அளவுத் தோட்டா சுட்டோம், யாருடையது என்று எப்படிச் சொல்ல முடியும், காட்டில் முயல் அடிக்க வந்தவன் குண்டாகக்கூட இருக்கலாமே என்றார் ஒருவர். சரி என்பது போல எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா நேராக இன்ஸ்பெக்டரிடம் போனார். "என்னோடது" என்றார். துப்பாக்கியையும் எடுத்துக் கொடுத்தார்.

மகன் ஒரு வக்கீலை வைத்தான். வக்கீல் நல்லவர்தான். "நூறு வருசத்துத் துப்பாக்கி, தானா வெடிச்சிருச்சு. இத மட்டும் சொன்னாப் போதும்மா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"தானா வெடிக்கலங்க. விசைய நான்தான் இளக்கச் சொன்னேன். வேணாம்னு சொன்னாரு. கேக்கல."

"அய்யோ, அத யாரும்மா கேட்டா?"

"இப்ப நீங்க கேட்டீங்களே."

அதையும் போலீசில் சொன்னார். மதுரை பாயைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு நாள் விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். அவர் அதற்குப் பிறகு அக்காவின் சலாமுக்குப் பதில் சொல்லவில்லை. கிளப்பைப் பல மாதம் பூட்டி வைத்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அவரோடு பேசுவதை விட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பது அவர்கள் கட்சி. நானும் அப்படி நினைத்த நாட்கள் உண்டு.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம், கோர்ட் கலையும்வரை தண்டனை. ஒரு பகல் முழுக்க மூலை பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் ரத்து. துப்பாக்கி பறிமுதல். மேல்முறையீடு செய்தால் துப்பாக்கியையாவது மீட்கலாம் என்று வக்கீல் சொன்னதற்கு, தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. அதைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு அக்கா அந்த ஆட்டுக்காரர் வீட்டுக்குப் போவார். கரட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர். பள்ளி சீக்கிரம் முடிகிற நாட்களில் நான் கொண்டுபோய் விடுவேன். முதல் தடவை அவர் மனைவி எங்களை உள்ளே விடவில்லை. "பாத்தாச்சுல்ல, கெளம்புங்க" என்றார். கட்டிலிலிருந்து அவர்தான், "வரட்டும் விடு" என்றார்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அது எப்படி நடந்தது என்று கேட்பார். அக்கா சொல்வார். தோட்டாவைப் போட்டது, மூடியது, குழல் எங்கே பார்த்திருந்தது, எல்லாம். அடுத்த வாரம் மறுபடி கேட்பார். மறுபடி ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்வார். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

"சத்தமே கேக்கல தாயி" என்பார் அவர் ஒவ்வொரு முறையும், ஆச்சரியத்தோடு.

ஒரு நாள் அவர் வேறு ஒன்று கேட்டார். "டாக்டரு போகப் போகப் பாப்போம்ங்கிறாரு. மகன் நடந்துருவப்பாங்கிறான். இவளும் அதத்தான் சொல்றா. நீங்க சொல்லுங்க. நான் நடப்பேனா?"

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் அதை விலக்கவும் இல்லை, பொருட்படுத்தவும் இல்லை.

"நடக்க மாட்டீங்கய்யா" என்றார். "பெரிய டாக்டர்ட்ட நானே கேட்டேன்."

சுவர்ப் பக்கமிருந்து மனைவி எழுந்து வந்த வேகத்தில் வெங்காயத் தட்டு உருண்டது. "எந்திரிச்சு வெளிய போ! சுட்டது பத்தாதுன்னு இதுக்கு வேற வாரியா? போ!" அவர் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அந்த மனிதர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். முகம் கோணியது, அழுகிறார் என்று நினைத்தேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"வைய்யாத" என்றார் மனைவியிடம். "நானும் எம்புட்டு நாளுதான் நம்புற மாதிரி நடிக்கிறது."

மறுநாள் மகனைக் கூப்பிட்டு ஆடுகளை விற்றுவிடச் சொன்னாராம்.

பங்குனி வெயிலில் அவர் போய்விட்டார். முதுகுப் புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்தில். எழவு வீட்டுக்குப் போக வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அக்கா போயே தீருவேன் என்றார். பந்தலில் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், "நீங்க யாரும்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆட்டு வியாபாரத்தில் பழகின ஆள், தெரிந்தவர், எதையாவது சொல்லியிருக்கலாம்.

"என் துப்பாக்கிக் குண்டு பட்டுத்தான் இவருக்கு இப்படி ஆச்சு" என்றார் அக்கா.

கேட்டவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். நான் அக்காவை இழுத்தேன், அவர் நகரவில்லை. உள்ளே பெண்களின் அழுகை நின்றது. அந்த மனைவி தலை அவிழ்ந்தபடி வெளியே வந்தார்.

"உக்காருங்கப்பா" என்றார். "அந்தம்மா சொல்றது நெசம். செத்த மனுசனுக்கே தெரியும். உக்காருங்க."

அக்காவின் முழங்கையைப் பிடித்து ரோடு வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தார். என் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்ததும் கையை விட்டார்.

"இனிமே இங்க வராதீங்க."

"சரிம்மா."

"கோவத்துல சொல்லல. நீங்க வந்தா எனக்குப் பழகிப்போயிரும். வெள்ளிக்கிழமையானா வாசலப் பாக்க ஆரம்பிச்சிருவேன். எம் புருசனச் சுட்டவங்களுக்காக நான் வாசலப் பாக்கக் கூடாது."

அக்கா தலையசைத்தார். திரும்பும் வழியில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் தோளைப் பிடித்திருந்த பிடியில், வீடு வந்தபோது எனக்கு வலித்தது.

அதற்குப் பிறகு அவர் போகவில்லை. மண்டியை மகன் மூடிவிட்டான். ஆம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். போனில் பேசுவோம், வரவரக் குறைந்தது. மருமகளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றார், தனக்கும் அவளைப் பிடிக்கவில்லை என்றார். இரண்டையும் மருமகள் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார் என்று நினைக்கிறேன். ஒரு மழைநாளில் மகன் கூப்பிட்டு, "அம்மா மவுத்தாயிட்டாங்க டீச்சர், அடக்கமும் ஆயிருச்சு" என்றான்.

சில மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோது, பூட்டிய மண்டியின் பழைய வாட்ச்மேன் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். இன்னும் அங்கேயேதான் இருந்தார், விற்கிறவரைக்கும் காவலுக்கு.

"அம்மாவத் தேடி ஒரு பொம்பள வந்துச்சு டீச்சர். பட்டிக்காட்டு ஆளு, கரட்டுக்கு அந்தப் பக்கத்து ஊருன்னுச்சு. கேட்டப் பிடிச்சுட்டு நின்னுச்சு. அம்மா தவறிட்டாகன்னு சொன்னேன். அப்படியே படியில உக்காந்திருச்சு. செத்த நேரங்கழிச்சு, நோவு கண்டுச்சான்னு கேட்டுச்சு. இல்லம்மா, தூக்கத்துலயே போயிட்டாகன்னேன். என்னையவே பாத்துச்சு. நீ பக்கத்துல இருந்தியான்னுச்சு. இல்லம்மா, நமக்கு எங்க தெரியும், ஆறுதலுக்குச் சொன்னேன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுன்னுச்சு. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கமா நடந்து போயிருச்சு."